ஆற்றில் போட்ட பொன்

நாற்பதை நெருங்கும் ராக் கிதார்க்காரர்களுக்கென்று ஒரு பழக்கம் இருக்கிறது. முடியைக் கொஞ்சம் குறைப்பார்கள். தோல் ஜாக்கெட்டைக் கழற்றிவிட்டு கோட் மாட்டுவார்கள். ஒரு ப்ளூஸ் ஆல்பம் போடுவார்கள். அதன்பிறகு கொடுக்கும் பேட்டியிலெல்லாம் 'வேர்' என்ற சொல் வரும். கல்லூரி ஹாஸ்டலில் இதற்கு நாங்கள் வைத்திருந்த பெயர் 'வி.ஆர்.எஸ்.' மெட்டல் வாசிக்கிற வயதில் அப்படித்தான் தோன்றும். நிமிடத்துக்கு 180 பீட் வேகத்தில் நோட்டுகளைக் கொட்டிக்கொண்டிருக்கிறவனுக்கு, மூன்றே மூன்று கார்டை வைத்துக்கொண்டு பன்னிரண்டு பாரைச் சுற்றிச் சுற்றி வருகிற ஆள் பென்ஷன் வாங்கியவராகத்தான் தெரிவார்.

எங்கள் வி.ஆர்.எஸ். பட்டியலில் முதல் பெயர் கேரி மூர். 1952இல் பெல்ஃபாஸ்ட்டில் பிறந்தவர். பிறவியில் இடது கைக்காரர், ஆனால் வலது கைக்காரர்கள் பிடிப்பதுபோலவே கிதாரைப் பிடித்துக் கற்றுக்கொண்டவர். பதினாறு வயதில் டப்ளினுக்குப் போய் ஸ்கிட் ரோ என்ற குழுவில் சேர்ந்தார். பிறகு தின் லிஸ்ஸி. எண்பதுகளில் தன் பெயரிலேயே வரிசையாக ஹார்ட் ராக் ஆல்பங்கள்: 'காரிடார்ஸ் ஆஃப் பவர்', 'விக்டிம்ஸ் ஆஃப் த ஃப்யூச்சர்', 'ரன் ஃபார் கவர்', 'வைல்ட் ஃபிரண்டியர்', 'ஆஃப்டர் த வார்'. வரிசையாகக் கேட்டுப் பாருங்கள், மனுஷனுக்கு மூச்சுவிடவே நேரம் இல்லை. ஆனால் கச்சேரிக்கு முன்னால் மேடைக்குப் பின்புறம் தனியாக உட்கார்ந்து வாசித்ததெல்லாம் ப்ளூஸ்தான். அதைக் கேட்ட பேஸ் கிதார்க்காரர் பாப் டெய்ஸ்லி, இதையே ஒரு ஆல்பமாகப் போட்டால் என்ன என்று பாதி விளையாட்டாகக் கேட்டிருக்கிறார். 1990 மார்ச்சில் 'ஸ்டில் காட் த ப்ளூஸ்' வந்தது. மூருக்கு அப்போது முப்பத்தேழு வயது. இதை எழுதும்போது எனக்கு முப்பத்தாறு.

அந்த ஆல்பத்தின் அட்டையை நான் பல தடவை பார்த்திருக்கிறேன். முன்பக்கம் ஒரு சிறுவன் கட்டில்மேல் உட்கார்ந்து கிதார் வாசிக்கிறான், சுவரில் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் படம். பின்பக்கம் வளர்ந்த மூர், ஒரு ஹோட்டல் அறையில், அதே மாதிரி உட்கார்ந்திருக்கிறார். அவ்வளவுதான் கதை என்று அட்டையே சொல்லிவிடுகிறது. ஆனால் உள்ளே இருக்கிற இசை அப்படிச் சொல்லவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எனக்கு வி.ஆர்.எஸ். வேறு மாதிரி வந்தது. நான்கு வருடங்களுக்கு முன்பு இடது மணிக்கட்டில், கட்டைவிரல் பக்கம், ஒரு வலி. முதலில் டீ டம்ளரைத் தூக்கும்போது மட்டும். பிறகு பைக் கிளட்ச் பிடிக்கும்போது. பிறகு சும்மா இருக்கும்போதே. டி க்வெர்வான் என்று பெயர் சொன்னார்கள், கட்டைவிரல் தசைநாண்களைச் சுற்றியிருக்கும் உறை தடித்துப்போவது. பகலெல்லாம் கீபோர்டு, ராத்திரி கிதார், இரண்டுக்கும் ஒரே மணிக்கட்டு. ஆறு வாரம் கட்டைவிரலை அசையாமல் பிடித்துவைக்கிற பட்டை. அதற்குப் பிறகு பிசியோதெரபிஸ்ட் என்னிடம் கேட்டார், "கோட் எழுதுறதா, கிதாரா, எதுங்க முக்கியம்?" கோட் எழுதினால்தான் வீட்டுக்கடன் கட்ட முடியும் என்றேன். "அப்போ கிதார் ஒரு நாளைக்கு இருபது நிமிஷம். வேகமா வேண்டாம்."

இருபது நிமிடத்தில், வேகம் இல்லாமல், என்ன வாசிப்பது? பதினைந்து வருடம் கைக்குள் அடைத்துவைத்திருந்தது அத்தனையும் வேகம்தான். மிச்சம் இருந்தது ப்ளூஸ். ஆக, நான் வேரைத் தேடியெல்லாம் போகவில்லை. வேலைக்கு லாயக்கில்லை என்று மெடிக்கல் போர்டு அனுப்பிவைக்குமே, அந்த ரகம்.

அந்தச் சமயத்தில்தான் கம்பெனி வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொல்லியிருந்தது. சென்னையைக் காலி செய்துவிட்டு விருத்தாசலத்துக்கே வந்திருந்தேன். ஊர் தெரியாதவர்களுக்கு: சென்னை–திருச்சி கார்டு லைனில் ஒரு ஜங்ஷன், ஒரு பக்கம் சேலத்துக்கும் இன்னொரு பக்கம் கடலூருக்கும் தண்டவாளம் பிரியும். விருத்தகிரீஸ்வரர் கோயில். மணிமுத்தாறு. அப்புறம் பீங்கான். பக்கத்தில் நெய்வேலியில் நிலக்கரிக்காகத் தோண்டும்போது வெள்ளைக் களிமண் கிடைக்கிறது. அதை நம்பித்தான் இங்கே பீங்கான் தொழிற்பேட்டையும், பீங்கான் தொழில் சொல்லித்தரும் அரசுக் கல்வி நிலையமும் வந்தன. உங்கள் வீட்டு மெயின் போர்டில் பழைய வெள்ளை ஃப்யூஸ் கட்டை இருந்தால், கொலுவில் பளபளவென்று ஒரு பீங்கான் பிள்ளையார் உட்கார்ந்திருந்தால், எங்கள் ஊர்ச் சரக்காக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

அப்பா முப்பது வருடம் அச்சு வேலை பார்த்தவர். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சுக்குள் களிமண் கூழை ஊற்றுவார்கள். அச்சு தண்ணீரை உறிஞ்ச உறிஞ்ச, சுவரோரமாகக் களிமண் கெட்டியாகப் படியும். போதுமான தடிமன் வந்ததும் மிச்சக் கூழைக் கவிழ்த்து ஊற்றிவிட்டு, கொஞ்சம் காயவிட்டு, அச்சைத் திறந்தால் பொம்மை. இந்த நிலையில் இருப்பதைப் பச்சை என்பார்கள். அதற்கப்புறம்தான் சூளை.

பட்டை கட்டிய கையோடு வாசலில் உட்கார்ந்திருந்த ஒருநாள் அப்பாவிடம் சும்மா கேட்டேன், உடைஞ்சதையெல்லாம் என்னப்பா பண்ணுவீங்க?

"பச்சையா ஒடஞ்சா தொட்டியில போட்டுத் தண்ணி ஊத்துனா போதும், மறுபடி கூழாயிடும். சுட்டப்பறம் ஒடஞ்சா ஆவாது. நீ எத்தினி வருஷம் தண்ணியில போட்டு வச்சாலும் அது மண்ணாவாது."

"அப்ப தூக்கிப் போடவேண்டியதுதானா?"

"அரைக்கலாம். அரைச்சிப் பொடியாக்கி புது மண்ணோட கலப்பாங்க. அளவாக் கலந்தா சூளையில ரொம்பச் சுருங்காது."

களிமண்ணைச் சூடாக்கும்போது சுமார் 500, 600 டிகிரியில் அதன் மூலக்கூறுகளோடு பிணைந்திருக்கிற நீர் போய்விடுகிறது. அதற்குப் பிறகு வெளியிலிருந்து ஊற்றுகிற தண்ணீர் ஒட்டாது. அப்பாவுக்கு இந்த வேதியியல் தெரியாது, தேவையும் இல்லை. எனக்கு மட்டும் அன்று ராத்திரி கேரி மூர் ஞாபகம் வந்தது. ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு அந்த ஆல்பத்தை முதலிலிருந்து கடைசிவரை கேட்டேன்.

கேட்டால் என்ன தெரிகிறது என்றால், மூர் திரும்பிப் போகவே இல்லை. சுட்ட மண் அது. எண்பதுகளில் அவர் மேடையில் வைத்திருந்த சத்தம், அந்த நீண்டு முழங்குகிற நோட்டு, நடுவில் திடீரென்று சிதறுகிற வேகம், எல்லாம் அப்படியே இருக்கின்றன. ப்ளூஸ் ரசிகர்களில் ஒரு பகுதி அவரை ஏற்றுக்கொள்ளாததற்கும் இதுதான் காரணம். ரொம்பச் சத்தம், ரொம்ப நோட்டு என்றார்கள். நியாயமான புகார்தான். ஆனால் அதே ஆல்பத்தில் ஆல்பர்ட் கிங்கும் ஆல்பர்ட் காலின்ஸும் வந்து வாசித்திருக்கிறார்கள். ஜார்ஜ் ஹாரிசன் ஒரு பாட்டு எழுதிக்கொடுத்து வாசித்தும் இருக்கிறார். மூர் வெளியிட்டவற்றிலேயே அதிகம் விற்றதும் இந்த ஆல்பம்தான். வி.ஆர்.எஸ். வாங்கினவருக்கு இவ்வளவு பெரிய புரமோஷன் கிடைத்து நான் பார்த்ததில்லை.

ஆல்பர்ட் கிங் வாசித்திருக்கும் 'ஓ பிரிட்டி உமன்' பாட்டை (ராய் ஆர்பிசன் பாடியது வேறு பாட்டு) தனியாகக் கேட்க வேண்டும். கிங் மிசிசிப்பியில் பிறந்தவர், பிழைப்புக்கு புல்டோசர் ஓட்டியவர். அவரும் இடது கைக்காரர்தான். ஆனால் வலது கைக்காரர்களின் கிதாரை அப்படியே தலைகீழாகத் திருப்பிப் பிடித்துக்கொண்டார், அதனால் மற்றவர்கள் மேலே தள்ளுகிற தந்தியை அவர் கீழே இழுப்பார். மூர் ஒரு நிமிடத்தில் சொல்வதை கிங் நான்கு நோட்டில் சொல்லிவிட்டு நிறுத்திவிடுகிறார். அந்த நிறுத்தத்தில் மூருக்கு என்ன தோன்றியிருக்கும் என்று யோசிப்பேன். கிங் 1992இலும் காலின்ஸ் 1993இலும் இறந்துபோனார்கள்.

தலைப்புப் பாட்டு இன்னும் வேடிக்கை. 'ஸ்டில் காட் த ப்ளூஸ்' என்று பெயர் வைத்திருக்கிறதே தவிர, அது வடிவத்தில் ப்ளூஸே இல்லை. பன்னிரண்டு பார் கிடையாது, மூன்று கார்டு கிடையாது. ஏ மைனரில், நான்காம் சுரத்துக்கு நான்காம் சுரமாகத் தாவிப்போகும் ஒரு வட்டம். ஜாஸ் பாட்டுகளில் பழக்கமான நடை. தவிர, அந்தப் பாட்டின் கிதார் சோலோ, 1974இல் ஜட்ஸ் கேலரி என்ற ஜெர்மன் குழு வாசித்த 'நோர்ட்ராஹ்' என்ற பாட்டிலிருந்து வந்தது என்று 2008இல் மியூனிக் நீதிமன்றம் தீர்ப்பே சொன்னது. வேருக்குத் திரும்பினேன் என்கிற பாட்டின் வேர் எங்கே இருக்கிறது என்று கோர்ட்டில் தேட வேண்டியிருந்தது!

விருத்தாசலத்துக்காரனுக்கு இந்த இடத்தில் ஒரு பழைய கதை ஞாபகம் வராமல் இருக்காது. ஊரின் பழைய பெயர் திருமுதுகுன்றம். சுந்தரர் இங்கே வந்து பாடிப் பன்னிரண்டாயிரம் பொன் பெற்றார். வழியில் திருடர் பயம், சுமந்துகொண்டு திருவாரூர் வரை எப்படிப் போவது? ஆற்றில் போடு, அங்கே குளத்தில் எடுத்துக்கொள் என்று உத்தரவு. மணிமுத்தாற்றில் போட்டுவிட்டுப் போய், திருவாரூர் கமலாலயக் குளத்தில் இறங்கித் துழாவுகிறார். 'ஆற்றில் போட்டுக் குளத்தில் தேடுகிற கதை' என்று நாம் கிண்டலாகச் சொல்வது இதைத்தான். பொன் கிடைத்தும்விடுகிறது. எங்கள் ஊரில் கதையை இதோடு முடித்துவிடுவார்கள். ஆனால் பெரியபுராணத்தில் இன்னும் கொஞ்சம் இருக்கிறது: எடுத்த பொன்னை உரைத்துப் பார்த்தால் மாற்றுக் குறைகிறது. ஆற்றில் போடுவதற்கு முன் மாதிரிக்கு ஒரு துண்டு வெட்டி வைத்திருந்ததால்தான் அது தெரிந்தது. சுந்தரர் மறுபடி பாட வேண்டியிருக்கிறது. திருவாரூர்க் குளக்கரையில் மாற்றுரைத்த பிள்ளையார் என்றே ஒரு பிள்ளையார் இன்றும் இருக்கிறார்.

மிசிசிப்பியில் போட்டதை பெல்ஃபாஸ்ட்டில் எடுத்தவர் மூர். சிறுவயதில் அவருக்கு ப்ளூஸ் கிடைத்தது ஜான் மேயாலின் ப்ளூஸ்பிரேக்கர்ஸ், பிறகு பீட்டர் கிரீன் என்று லண்டன் வெள்ளைக்காரர்கள் வழியாக. பீட்டர் கிரீன் தன்னுடைய 1959 லெஸ் பால் கிதாரை மிகக் குறைந்த விலைக்கு மூருக்குக் கொடுத்தார். அந்தக் கிதாரின் ஒரு பிக்கப்பில் காந்தம் தலைகீழாக இருந்ததாம். இரண்டு பிக்கப்பையும் சேர்த்துப் போட்டால் மூக்கடைத்த மாதிரி, உள்ளே ஒன்றும் இல்லாத குடத்திலிருந்து வருகிற மாதிரி ஒரு ஒலி வரும். ஒரு பிழை, அதுவே கையெழுத்தாகிவிட்டது. மூர் முப்பது வருடத்துக்கு மேல் அதை வைத்திருந்தார். இப்போது அது மெட்டாலிகாவின் கிர்க் ஹாம்மெட்டிடம் இருக்கிறது.

நான் எடுத்தது இன்னும் தள்ளி இருக்கிற குளத்தில். ஹாஸ்டல் பெஞ்சின்மேல் யாரோ போட்டுவிட்டுப் போன பென் டிரைவில், மூர் வழியாக. கிரீனை அதற்குப் பிறகுதான் கேட்டேன், ஆல்பர்ட் கிங்கை அதற்கும் பிறகு, ராபர்ட் ஜான்சனைக் கடைசியில். பிள்ளை வழியாகத் தாத்தாவைத் தெரிந்துகொள்வது. மாற்றுக் குறைவதற்கு இதைவிடக் காரணம் வேண்டுமா? கறுப்பினக் கூலித் தொழிலாளர்கள் உருவாக்கிய இசையில் அதிகப் பணம் பார்த்தவர்கள் வெள்ளை ராக் நட்சத்திரங்கள் என்பதையும் மறைக்க முடியாது. ஆனால் மூரைப் பற்றி ஒன்று சொல்லலாம். உரைகல்லைத் தேடி அவரே போனார். கிங்கையும் காலின்ஸையும் ஸ்டுடியோவுக்குக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு வாசித்தார். 1992இல் 'ஆஃப்டர் அவர்ஸ்' ஆல்பத்தில் பி.பி. கிங்கைக் கூப்பிட்டார். தன்னுடைய மாற்று எவ்வளவு என்று ரெக்கார்டிங்கிலேயே எல்லோருக்கும் தெரியட்டும் என்று விடுவதற்குக் கொஞ்சம் நெஞ்சுரம் வேண்டும்.

காந்தம் என்றதும் ஒரு கிளைக்கதை. எலெக்ட்ரிக் கிதாரின் பிக்கப் என்பது காந்தமும் அதைச் சுற்றின செம்புக்கம்பியும்தான். ஐம்பதுகளின் லெஸ் பாலில் இருந்தது ஆல்னிக்கோ, அதாவது அலுமினியம், நிக்கல், கோபால்ட் கலந்த உலோகக் காந்தம். 1972இல் டிமார்சியோவின் 'சூப்பர் டிஸ்டார்ஷன்' பிக்கப் வந்தது. அதில் இருந்தது செராமிக் காந்தம். சத்தம் கூடுதல், ஆம்ப் சீக்கிரம் உடைந்து கரகரக்கும். ஹார்ட் ராக்குக்கும் மெட்டலுக்கும் வேறென்ன வேண்டும். இந்தச் செராமிக் காந்தமும் சூளையில் வேகுகிற பொருள்தான்: இரும்பு ஆக்சைடையும் ஸ்ட்ரான்ஷியமோ பேரியமோ சேர்ந்த கார்பனேட்டையும் பொடியாக்கி, அழுத்தி, ஆயிரம் டிகிரிக்கு மேல் சுடுவது. விலையும் குறைவு. மலிவான கிதார்களில் அதனாலேயே செராமிக்தான் இருக்கும். என் கிதாரிலும் அதுதான். அப்பாவிடம் இதைச் சொன்னபோது அவருக்கு ரொம்ப சந்தோஷம். "பாத்தியா, நம்ம தொழிலுதான்டா அது" என்றார். களிமண்ணே இல்லாத அந்தச் செராமிக்குக்கும் நெய்வேலி மண்ணுக்கும் சம்பந்தமில்லை என்று நான் விளக்கப் போகவில்லை. நண்பர்கள் ப்ளூஸுக்கு ஆல்னிக்கோ மாற்று என்கிறார்கள். மாற்றவில்லை. சுட்டது சுட்டதாகவே இருக்கட்டும்.

இந்தியாவில் இந்தத் திரும்புதலைச் செய்தவர் யார் என்று தேடினால் ஷில்லாங்குக்குத்தான் போக வேண்டும். ரூடி வாலாங். அப்பா டோட்டோ வாலாங்கும் இசைக்காரர். ரூடி எண்பதுகளில் லூ மாஜாவோடு சேர்ந்து கிரேட் சொசைட்டி என்ற ராக் குழுவில் கிதார் வாசித்தார். லூ மாஜாவைத் தெரியாதவர்களுக்கு: 1972இலிருந்து ஒவ்வொரு வருடமும் மே 24ஆம் தேதி பாப் டிலனின் பிறந்தநாளைப் பாடிக் கொண்டாடுகிறவர், அரை டிராயரோடு. பிறகு ரூடி மோஜோ என்ற குழுவில் இருந்தார். 2003இல் பாடகி டிப்ரிட்டி கார்பாங்காரோடு சேர்ந்து சோல்மேட் என்ற ப்ளூஸ் குழுவைத் தொடங்கினார். முதல் ஆல்பத்துக்கு வைத்த பெயர் 'ஷில்லாங்'. 2007இல் மெம்ஃபிஸில் நடந்த இன்டர்நேஷனல் ப்ளூஸ் சேலஞ்சுக்கு இந்தியாவிலிருந்து போய் வாசித்தார்கள். மெம்ஃபிஸ் இருப்பது மிசிசிப்பி ஆற்றங்கரையில். குளத்தில் எடுத்ததை ஆற்றுக்கே கொண்டுபோய் உரைத்துப் பார்த்தது இதுவரை நான் கேள்விப்பட்டதில் இவர்கள்தான்.

ரூடியின் வாசிப்பில் மூரின் ஆவேசம் இல்லை. பாடுகிற குரலுக்கு இடம்விட்டு வாசிக்கிறார். ராக் குழுவில் பல வருடம் இருந்தவருக்கு அது லேசில் வராது. அங்கே கிதாரிஸ்ட் என்றால் இடத்தை நிரப்புகிறவன். டிப்ரிட்டி ஒரு வரியை முடித்ததும் கிதார் உடனே பாயாது. அரை வினாடி நிற்கும். யூட்யூபில் அந்த அரை வினாடியை நான் எத்தனை முறை பின்னால் இழுத்துப் பார்த்தேன் என்று கணக்கில்லை.

அவர்கள் காசி மொழியில் பாடுகிற பாட்டு ஒன்று 'சியர் லாபாலாங்'. லாபாலாங் ஒரு கலைமான். சமவெளியில் தாயோடு இருந்தது, காசி மலையில் கிடைக்கிற கீரைக்கு ஆசைப்பட்டு, தாய் தடுத்தும் கேட்காமல் மலையேறியது. வேட்டைக்காரர்களின் அம்பு பட்டுச் செத்தது. தேடி வந்த தாய்மான் அதன் உடல்மேல் விழுந்து அழுத அழுகையைக் கேட்டு வேட்டைக்காரர்களே கலங்கிவிட்டார்கள். செத்தவர்களுக்காக எப்படி அழுவது என்பதைக் காசி மக்கள் அந்தத் தாயிடம்தான் கற்றுக்கொண்டார்கள் என்று கதை.

நம்முடைய ஆட்கள் இந்த இடத்தில் உடனே ஒரு வரி சொல்வார்கள்: "ப்ளூஸ்னா நம்ம ஒப்பாரிதான் ப்ரோ." எனக்கு இந்த ஒப்பீட்டில் பாதி உடன்பாடு இல்லை. ஆயா செத்தபோது பெரியம்மாவும் தெருப் பெண்களும் கட்டிப்பிடித்துக்கொண்டு பாடியதைக் கேட்டிருக்கிறேன். அது சாவு வீட்டுப் பாட்டு. ப்ளூஸ் பெரும்பாலும் சனிக்கிழமை ராத்திரிப் பாட்டு. வாரமெல்லாம் பருத்திக்காட்டில் உழைத்தவர்கள் ஜூக் ஜாயிண்ட் என்கிற சாராயக் கொட்டகைகளில் குடித்து ஆடுவதற்கு வாசிக்கப்பட்டது. நையாண்டி, கெட்ட வார்த்தை, காதல், வீட்டுக்காரனைத் திட்டுவது எல்லாம் உண்டு. வெறும் சோகம் என்று அதைச் சுருக்குவது அதை உண்டாக்கினவர்களுக்குச் செய்கிற மரியாதை இல்லை. ஒப்பாரியையும் 'நம்ம ப்ளூஸ்' என்று சொன்னால்தான் மதிப்பு என்றால், அது ஒப்பாரிக்கும் மரியாதை இல்லை.

ஆனால் மிச்சப் பாதி உண்மை, அது காதில் இருக்கிறது. மைனர் பென்டடானிக் என்று கிதார்க்காரர்கள் சொல்கிற ஐந்து சுரம் நம்முடைய சுத்த தன்யாசி. சுரங்கள் ஒன்றேதான், ஆனால் கிதாரில் கட்டத்தை மட்டும் அழுத்தி வாசித்தால் ப்ளூஸும் வராது, சுத்த தன்யாசியும் வராது. ஏ மைனரில், மூன்றாவது தந்தியில், ஐந்தாவது கட்டத்தில் 'சி' இருக்கிறது. ப்ளூஸில் அந்த 'சி'யை அப்படியே விடக்கூடாது. கொஞ்சம் மேலே தள்ள வேண்டும். முழுசாகத் தள்ளி 'சி ஷார்ப்' ஆக்கினால் சந்தோஷமாகிவிடும், தள்ளாமல் விட்டால் பாடப்புத்தகம். இரண்டுக்கும் நடுவில், பியானோவில் கட்டையே இல்லாத ஒரு இடத்தில் நிற்க வேண்டும். பெரியம்மா 'எம்மா' என்று இழுத்தபோது அந்த 'மா' நின்றது அப்படி ஒரு இடத்தில்தான். எந்தக் கட்டையிலும் இல்லை.

பிசியோதெரபிஸ்ட்டுக்கு நான் இதைச் சொல்லவில்லை: மெதுவாக வாசிக்கிற ப்ளூஸ்தான் கைக்குக் கஷ்டம். வேகமாக வாசிக்கும்போது விரல் தந்தியை லேசாகத் தொட்டுவிட்டுப் போய்விடும். தந்தியை வளைக்க வேண்டுமென்றால் கட்டைவிரலை கிதார் கழுத்தின் மேல் கொக்கி மாதிரி போட்டுக்கொண்டு முன்கையையே திருப்ப வேண்டும். பாரம் முழுக்க வந்து இறங்குவது சரியாக அந்தக் கட்டைவிரல் பக்கம். முதியோர் இல்லம் என்று நாங்கள் நினைத்த இடத்தில் சுமை தூக்கச் சொல்கிறார்கள். ஏழாவது கட்டத்தில் 'டி'யை 'ஈ' வரைக்கும் தள்ளிவிட்டு போனில் ட்யூனரைப் பார்ப்பேன். முதல் மாதமெல்லாம் முள் இடதுபக்கமே நின்றது. இருபது சென்ட் குறைவு, பதினைந்து சென்ட் குறைவு. கல்லூரி மேடையில் நான் வளைத்த அத்தனை நோட்டும் இப்படித்தான் இருந்திருக்கும். அந்த வேகத்தில் யாருக்கும் கேட்டிருக்காது, எனக்கும்.

மூர் ஒருமுறைதான் திரும்பினார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை. 1999இல் 'எ டிஃபரன்ட் பீட்' என்று எலெக்ட்ரானிக் தாளங்கள் பக்கம் போய்விட்டு, 2001இல் மறுபடி வந்தார். இந்தத் தடவை ஆல்பத்தின் பெயரே 'பேக் டு த ப்ளூஸ்'. நடுவில் ஸ்கார்ஸ் என்று ஒரு ராக் மூவரணி. பிறகு மறுபடி ப்ளூஸ். கடைசி வருடங்களில் மறுபடி ராக் மேடைகள். மனுஷன் ஜங்ஷன் மாதிரி இருந்திருக்கிறார். 2011 பிப்ரவரி 6 அன்று ஸ்பெயினில் ஒரு ஹோட்டல் அறையில் இறந்துபோனார், 58 வயது. அதே மாதம் மும்பை மெஹபூப் ஸ்டுடியோவில் முதல் மஹிந்திரா ப்ளூஸ் விழா நடந்தது. பட்டி கை வந்து வாசித்தார். சோல்மேட்டும் வாசித்தது. நான் அப்போது முதல் வேலையில் சேர்ந்து, சம்பளத்தில் டிஸ்டார்ஷன் பெடல் வாங்கக் காசு சேர்த்துக்கொண்டிருந்தேன்.

போன வாரம் சாயங்காலம், வேலை முடித்துவிட்டு, மாடியில் என் இருபது நிமிடத்தை ஆரம்பித்தேன். அந்த ஒரே 'சி'. தள்ளுவது, விடுவது, மறுபடி தள்ளுவது. கீழே துணி எடுக்க வந்த அப்பா கொஞ்ச நேரம் நின்று கேட்டார்.

"ஏன்டா, ஒரே எடத்துலயே நின்னு நிமிட்டிக்கிட்டு இருக்க. முன்னெல்லாம் ஓடிக்கிட்டே இருப்பியே."

"கை வலிக்குதுப்பா."

"அது தெரியும். இப்ப வாசிச்சியே, அது நல்லாத்தான் இருந்துச்சு. கடைசியா ஒண்ணு இழுத்தியே, அதக் கொஞ்சம் சீக்கிரம் விட்டுட்ட."

மறுபடி இழுத்தேன். தலையை ஆட்டினார், சரி என்றா இல்லை என்றா தெரியவில்லை, துணியை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். தந்தி பழசாகிவிட்டது, மாற்ற வேண்டும். பிசியோதெரபிஸ்ட் இன்னும் மெல்லிசாக எட்டு கேஜ் போடச் சொல்கிறார். அதில் தள்ளினால் நோட்டு வழுக்கிக்கொண்டு எங்கேயோ போய்விடுகிறது. ஒன்பதுதான் ஆர்டர் போட்டிருக்கிறேன்.